குட்டிக் கள்ளிக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓசூர் நெடுஞ்சாலை நர்சரிகளில் வண்டியை நிறுத்தி, உள்ளங்கையளவு தொட்டியில் பூவோடு நிற்கும் கள்ளி ஒன்றை வாங்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. சில மாதம் போனதும் அது என்னிடம் வந்துவிடும்: "அண்ணா, இதுக்கு என்னன்னு கொஞ்சம் பாருங்க." வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணம்தான். ஒன்று, நர்சரிக்காரர் தொட்டியில் அடைத்துத் தந்த தென்னை நார்த்தூள். இன்னொன்று நம் போர் தண்ணீர். மருந்துக்குச் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இங்கே சொல்வது மாமிலேரியா, ஜிம்னோகேலிசியம், பரோடியா, ரெபூஷியா, எக்கினாப்சிஸ் போன்ற சின்ன உருண்டைக் கள்ளிகளுக்கும், தலையில் சிவப்போ மஞ்சளோ உருண்டை ஒட்டிய மூன் கேக்டசுக்கும். முள்ளோடு இலையும் விட்டு வருடம் முழுக்கச் சின்னச் சிவப்புப் பூ பூக்கிற கிறிஸ்து முள் கள்ளியே இல்லை, அது யூபோர்பியா. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஊரையும் கணக்கில் வையுங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஏறத்தாழ அதில் பாதி உயரம். ஓசூரில் நிழல் வலைக்குள் வளர்ந்த செடியைச் சித்திரை மாதம் அரூரிலோ ஊத்தங்கரையிலோ மொட்டை மாடியில் வைத்தால், செடிக்கு அது வேறு நாடு.

எதுவானாலும் முதலில் இவற்றைப் பாருங்கள்

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி ஐந்து நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது மண் ஒட்டினாலோ குச்சி குளிர்ந்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்மண் காய்ந்திருப்பதை நம்பவே கூடாது. பல வீடுகளில் செடி செத்ததற்குக் காரணம் அந்த மேல்மண்தான்.

பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் செடியின் அடியை மெல்ல அழுத்துங்கள். கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது தேவைப்படும்.

கடைசியாகத் தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பரிசாக வந்த பீங்கான் கோப்பைத் தொட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஓட்டை இல்லாவிட்டால் மற்ற எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் தொட்டியை மாற்றுங்கள்.

அறிகுறி: அடிப்பகுதி பழுப்பாகிறது

கெட்டியாக இருந்தால்

மரப்பட்டை மாதிரி வறண்டு, அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறும் பழுப்பு வயதான கள்ளிக்கு இயல்பு. மேல்பாதி பச்சையாக, கெட்டியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதை நோய் என்று நினைத்து மருந்து அடித்துச் செடியை வீணாக்கியவர்கள் உண்டு.

அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால்

அழுகல். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத ஒரே அறிகுறி இதுதான். மழைக்காலத்தில், அதாவது ஆவணியிலிருந்து ஐப்பசி வரை, இது ஒரு வாரத்தில் செடியை முடித்துவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுங்கள். முள் குத்தாமல் இருக்க நாளிதழை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் போதும், கையுறை தேவையில்லை. வேர்ப்பந்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது நார்த்தூளை அழுத்திச் செய்த கட்டியாக இருக்கும். சிலவற்றில் வேரைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் வலையும் இருக்கும். நார்த்தூள் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது. நாற்று வளர்க்கிற இடத்தில் தினமும் பார்த்து ஊற்ற ஆள் இருப்பதால் அங்கே அது சரிப்படும். வீட்டில் சரிப்படாது.

இனி நிலை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

வேர் மட்டும் கறுத்திருக்கிறது, உடல் கெட்டி: இதற்குச் செலவு இல்லை. நார்த்தூள், வலை எல்லாவற்றையும் உதிர்த்து, கறுத்த வேரைக் கத்தரித்துவிட்டு, நிழலில் ஒரு வாரம் அப்படியே போட்டுவையுங்கள். பிறகு கீழே சொல்லும் மண்ணில் உலர்வாக நட்டு, இன்னொரு வாரம் கழித்துத் தண்ணீர்.

அடி மெத்தென்று இருக்கிறது, மேலே கெட்டி: வெட்ட வேண்டும். சவர பிளேடையோ மெல்லிய கத்தியையோ மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, அழுகலுக்கு மேலே குறுக்காக ஒரு வெட்டு. வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் அழுகல் இன்னும் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கத்தியை மறுபடி துடைத்து, இன்னும் மெல்லியதாக ஒரு வில்லை சீவுங்கள். முகம் முழுக்கச் சுத்தமாகும் வரை இப்படியே போக வேண்டும். இடையில் துடைக்காமல் சீவினால் அழுகலை நீங்களே மேலே கொண்டுபோகிறீர்கள்.

சுத்தமான வெட்டில் கந்தகத் தூளோ காப்பர் ஆக்சிகுளோரைடோ தூவலாம். இரண்டும் உரக்கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் அடுப்புக்கரியைப் பொடித்துத் தூவுங்கள். தேன், மஞ்சள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வெட்டு காய்வதுதான் முக்கியம், எதைத் தூவுகிறோம் என்பது அப்புறம். காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்துப் பத்து நாள் விடுங்கள், தடித்த செடி என்றால் மூன்று வாரம் வரை. வெட்டு தோலாக இறுகிய பிறகு, காய்ந்த சல்லி மீது உட்கார வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் வேர் விடும். மார்கழியில் வெட்டினால் மாசி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வேர் வந்ததா என்று தினமும் தூக்கிப் பார்த்தால் வராது.

அழுகல் நடுவரை ஏறிவிட்டது, அல்லது உச்சியிலிருந்து இறங்குகிறது: தாய்ச்செடியை விட்டுவிடுங்கள். பக்கக் குட்டிகள் கெட்டியாக இருந்தால் அவற்றைத் திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் காயவைத்து நடலாம். குட்டியும் இல்லை என்றால் செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மற்ற தொட்டிகளின் பக்கம் அந்த மண் போகக் கூடாது.

நடவேண்டிய மண்

இந்த விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கு யோகம் உண்டு. கிரானைட் குவாரியும் கிரஷரும் இவ்வளவு இருக்கும் இடத்தில் கள்ளி மண்ணுக்குப் பணம் கொடுத்துப் பொட்டலம் வாங்குவது வீண். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் கல்சல்லியும் எம்-சாண்டும் சேர்ந்து மூன்று பங்கு. எம்-சாண்டைச் சலித்து, ஒரு தடவை அலசிவிட்டுத்தான் போட வேண்டும். அதிலிருக்கும் தூசி தொட்டிக்குள் இறுகித் தண்ணீரை அடைத்துவிடும். வீடு இடித்த இடத்துக் கல்லும் பூச்சுத் துண்டும் வேண்டாம். சிமெண்ட் கலந்தவை மண்ணைக் காரமாக்கும். உடைந்த செங்கல், ஓடு நல்லது.

கலந்ததைத் தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கி நின்றால் இன்னும் சல்லி போடுங்கள். ஊற்றிய வேகத்தில் அடியில் ஓட வேண்டும்.

அறிகுறி: செடி சுருங்கிக் குழிந்து போகிறது

ஈர்க்குச்சி காய்ந்து வந்தால்: தாகம். தொட்டியை ஒரு கிண்ணம் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். காய்ந்த நார்த்தூளுக்கு மேலிருந்து ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் நனையாது. ஐந்தாறு நாளில் உடல் புடைத்துக்கொள்ள வேண்டும்.

குச்சி ஈரமாக வந்தால், அல்லது தண்ணீர் ஊற்றியும் புடைக்கவில்லை என்றால்: குடிக்க வேர் இல்லை. மேலே சொன்னபடி எடுத்துப் பாருங்கள். சுருங்கிவிட்டதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் அடுத்து எல்லோரும் செய்வது, செடி அதோடு முடியும்.

மார்கழி, தையில் கொஞ்சம் சுருங்குவது இயல்பு. விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பூக்கவே இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் கேட்டவருக்குப் பிடிப்பதில்லை.

வாங்கும்போது இருந்த பூ மாதக்கணக்கில் அப்படியே இருந்ததா?

அப்படியானால் அது பூ அல்ல, ஒட்டியது. காகிதம் மாதிரி மொறமொறப்பாக, நல்ல ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் உச்சி நடுவில் உட்கார்ந்திருக்கும். வேறொரு செடியின் உலர்பூவைச் சூடான பசையால் ஒட்டுகிறார்கள். ஈரக்காற்றில் மூடும், வெயிலில் விரியும். அதனால் உயிருள்ளது என்றே தோன்றும். உண்மையான கள்ளிப்பூ பெரும்பாலும் சில நாள்தான் நிற்கும். எக்கினாப்சிஸ் மாலையில் விரிந்து மறுநாளே தொங்கிவிடும்.

பசை முள்ளில் மட்டும் இருந்தால் முள்ளோடு நறுக்கி எடுத்துவிடலாம். தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், புண்ணாகி அழுகும். செடி வளர வளர அது ஓரமாக நகர்ந்து தானே விழும்.

வெளிச்சம் போதுமா?

காலை பத்து மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டுங்கள். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் போதும். மங்கலாக விழுந்தால் பூ வராது, செடி மட்டும் உயிரோடு இருக்கும். தினமும் நாலைந்து மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், அதுவும் காலை வெயில். கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு மிக நல்லது. டிவி மேசையிலும் ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கத்திலும் வைத்தவர்கள் பூவை மறந்துவிட வேண்டியதுதான். கம்ப்யூட்டர் கதிரைக் கள்ளி இழுத்துக்கொள்ளும் என்பது விற்பனைக்காகச் சொன்ன கதை. ஜிம்னோகேலிசியம் மட்டும் கொஞ்சம் நிழலைப் பொறுத்துக்கொண்டு பூக்கும்.

குளிர்காலத்தில் ஓய்வு கொடுத்தீர்களா?

வெயில் சரியாக இருந்தும் பூக்காத செடிகளுக்கு முக்கால்வாசிக் காரணம் இது. கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை தண்ணீரை ஏறக்குறைய நிறுத்த வேண்டும். செடி மிகவும் சுருங்கினால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வெயிலடிக்கும் காலையில், கொஞ்சம் மட்டும். வெயில் வழக்கம்போல் விழட்டும், இரவுக் குளிரும் படட்டும். ஓசூர், தளி பக்கம் மார்கழி இரவு 15 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். மாமிலேரியாவுக்கு அது வரம். அரூர், ஊத்தங்கரை பக்கம் அவ்வளவு குளிராது என்பதால் அங்கே தண்ணீரை இன்னும் கண்டிப்பாக நிறுத்துங்கள். பனி பார்த்துப் பயந்து வீட்டுக்குள் எடுத்து வைப்பவர்களின் செடி பூப்பதில்லை.

தை, மாசியில் மாமிலேரியாவின் உச்சியைச் சுற்றி வளையமாக மொட்டு கிளம்பும். அது அரிசி அளவு வந்த பிறகு பழையபடி தண்ணீர் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் சில செடிகள் மொட்டை விட்டுவிட்டுப் புதுக் குட்டி விடக் கிளம்பிவிடும்.

அந்த ஜாதிக்கு அந்த வயதில் பூக்குமா?

மஞ்சள் முள் அடர்ந்த உருண்டை, கோல்டன் பேரல் என்று விற்பது, உங்கள் தொட்டியில் எலுமிச்சை அளவில் இருக்கிறதா? அது பூக்கப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். கால்பந்தைவிடப் பெரிதாக வேண்டும். அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பூ வேண்டுமென்றால் மாமிலேரியா வாங்குங்கள், விரல்கடை உயரத்திலேயே பூத்துவிடும். ரெபூஷியா பொலிவியா, அர்ஜென்டினா மலைச்செடி. ஓசூரில் ஒப்புக்கொள்ளும், தருமபுரிக் கோடையில் முனகும்.

உரம்

கடைசியாகத்தான் இதைப் பார்க்க வேண்டும், ஆனால் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். சாணக் கரைசல், அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் மூன்றும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் உடல் ஊதும், பூ வராது. மேல்மண்ணில் கொசு மாதிரிச் சின்ன ஈ மொய்க்கும். உரக்கடையில் 0:52:34 என்று கேட்டு வாங்கி, லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, பங்குனியிலிருந்து ஆடி வரை மாதம் ஒருமுறை தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால் போதும்.

அறிகுறி: மொட்டு வருகிறது, விரியாமல் காய்கிறது

மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றினீர்களா, போட்டோ எடுக்கத் திருப்பினீர்களா என்று பாருங்கள். தொட்டி விளிம்பில் வெயில் பக்கத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எப்போதும் அதே பக்கம் வைக்கலாம். அடுத்தது, மொட்டு நேரத்தில் மண் முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று ஈர்க்குச்சி சொல்லும். இரண்டும் இல்லை என்றால் காய்ந்த மொட்டைப் பிய்த்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மெல்லிய கோடு போல ஊரும் பூச்சி இருந்தால் இலைப்பேன். வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி, ஒரு லிட்டர் தண்ணீர்; மாலையில் தெளியுங்கள். விரிந்த பூவில் படக் கூடாது.

அறிகுறி: உச்சி ஒல்லியாகி, வெளிறி நீள்கிறது

வெளிச்சக் குறைவு, வேறு காரணம் தேட வேண்டாம். நீண்ட பகுதி திரும்பப் பருக்காது. கிழக்கு வெயிலுக்கு மாற்றினால் இனி வருவது பருமனாக வரும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கல் நிற்கும். அது பிடிக்காவிட்டால் பங்குனியில் உச்சியை வெட்டித் தனியாக நடலாம், அடிக்கட்டை குட்டி விடும். மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். காரணம் கீழே 'தோல் நிறம் மாறுகிறது' என்ற தலைப்பில்.

அறிகுறி: வெள்ளைப் பஞ்சு

பஞ்சா, பூச்சியா?

மாமிலேரியாவின் பல ஜாதிகளுக்கு முள்குழிகளுக்கு இடையில் பஞ்சு இயல்பாகவே உண்டு, எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி இருக்கும். பூச்சி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், எறும்பு போய்வரும். பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பாருங்கள். நசுங்கி ஈரமானால் மாவுப்பூச்சி.

வேலிச் சப்பாத்திக்கள்ளியில் படரும் வெள்ளைப் பஞ்சு வேறு வகை. அதை நசுக்கினால் விரல் கருஞ்சிவப்பாகிவிடும். சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்றே 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சி அது. வேலி பக்கத்தில் இருந்தால் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

உடலில் மட்டும் சில இடங்களில்

செடியைத் தனியாக எடுத்து வையுங்கள். பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு புள்ளியிலும் ஒற்றுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு செய்து, மறுநாள் முழுக்க நிழல். வாரம் ஒருமுறை, நாலு வாரம். முட்டைகள் பொரிந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரே தடவையோடு நிறுத்தினால் பலனில்லை. எறும்புப் புற்றையும் தேடி அடையுங்கள். மாவுப்பூச்சியைத் தொட்டிக்குத் தொட்டி தூக்கிப் போவது எறும்புதான்.

மேலே சுத்தம், ஆனாலும் வளர்ச்சியே இல்லை

வேரைப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. விரலில் எடுத்தால் நொறுங்கும் வெள்ளைக் குருணை பெர்லைட், நர்சரிக் கலவையில் சேர்ப்பது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பூச்சி என்றால் மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, ஒரு வாரம் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். தொட்டியைக் கொதிநீரில் கழுவ வேண்டும்.

பல தொட்டிகளில், திரும்பத் திரும்ப

வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை எல்லாத் தொட்டிகளுக்கும் தெளியுங்கள். சாம்பல் பூத்த தோல் உள்ள செடிகளுக்கு மட்டும் வேண்டாம், அந்தப் பூச்சு போய்விடும். இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து கடையில் எளிதாகத் தருவார்கள். அது தேனீக்கு விஷம். பூக்கும் காலத்தில் திறந்த மாடியில் தொடவே வேண்டாம். ஒரு செடி மட்டும் மோசம் என்றால் அந்த ஒன்றைத் தூக்கி எறிவதே எல்லாவற்றிலும் மலிவு.

புதிதாக வாங்கும் செடியை ஒரு மாதம் தள்ளி வைத்துப் பிறகு சேர்த்தால் இந்தப் பகுதிக்கே வேலை வராது.

அறிகுறி: தோல் நிறம் மாறுகிறது

ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு தவிட்டு நிறம்

வெயில் சுட்டது. பெரும்பாலும் மேற்குப் பக்கம், பங்குனியிலிருந்து வைகாசிக்குள். வடு மறையாது; ஆனால் பரவாது. மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது 50 சதவீதப் பச்சை வலை கட்டுங்கள். நர்சரியிலிருந்து வந்த செடியானாலும், வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குப் போகும் செடியானாலும், முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு என்று பழக்குங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தளத்தின் மீது நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மீது ஏற்றி வையுங்கள். சித்திரைத் தளத்துச் சூட்டில் வேர் வெந்துபோகும்.

உச்சியில் தொடங்கித் துரு மாதிரிச் சொரசொரப்பு

சிலந்திப்பேன். உச்சிக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். வறண்ட காற்றில் வேகமாகப் பெருகும். பூவாளியால் நன்றாகப் பீய்ச்சிக் கழுவுவதை முதலில் செய்யுங்கள், வாரம் இருமுறை. நிற்கவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த மாலையில். கடுங்கோடையில் கந்தகம் தோலைச் சுடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. பூச்சிமருந்து இதற்கு வேலை செய்யாது.

எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிறி மஞ்சள்

முதலில் வேர், பிறகு தண்ணீர். வேர் வெள்ளையாக நன்றாக இருந்தால் அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

அறிகுறி: தொட்டி விளிம்பிலும் செடி அடியிலும் வெள்ளைப் படிவு

போர் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் என்றாலே புளோரைடு பேச்சு வரும். பல்லையும் எலும்பையும் கெடுத்த அந்தக் கதையால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கள்ளிக்குத் தொல்லை கொடுப்பது அதைவிட, தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்பு உப்புகள்தான். அவை மண்ணைக் காரமாக்கி, இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் செய்யும். செடி வெளிறும்.

வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு துளி எடுத்து, எவர்சில்வர் தட்டின் பின்பக்கம் வரிசையாக வைத்துக் காயவிடுங்கள். எது குறைவாக வெள்ளை வட்டம் போடுகிறதோ அது கள்ளிக்கு. மழைநீர்தான் முதலில் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. ஒகேனக்கல் குழாய் வரும் தெருவாக இருந்தால் அதையே ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று பலர் அதைச் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் அடர்ந்திருக்கும். கள்ளிக்குத் தேவைப்படுவதே கொஞ்சம் தண்ணீர். ஐப்பசி மழையில் இரண்டு கேன் பிடித்து மூடி வைத்தால் சின்னத் தொட்டிகளுக்கு நெடுநாள் வரும்.

படிவு ஏற்கெனவே இருந்தால், மேல்மண்ணை ஒரு விரல்கடை சுரண்டி மாற்றிவிட்டு, மழைநீரை அடியில் ஓடும்படி இரண்டு மூன்று தடவை ஊற்றி வடியவிடுங்கள். வருடம் ஒருமுறை மண் மாற்றினால் இன்னும் நல்லது.

அறிகுறி: மூன் கேக்டஸின் சிவப்புத் தலை வாடுகிறது

அது இரண்டு செடி. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம்; தனியாகப் பிழைக்காது. கீழே மூன்று முனையாக இருப்பது டிராகன் பழ இனத்துத் தண்டு. தலை வாடினால் கீழ்த்தண்டை அழுத்துங்கள். தண்டு மெத்தென்று இருந்தால் ஒட்டு பிழைக்காது. தலை கெட்டியாக இருந்தால், பக்கத்தில் யாராவது வளர்க்கும் டிராகன் பழச் செடியிலிருந்து ஒரு துண்டு வாங்கி வேர்விடச் செய்யுங்கள். இரண்டையும் சமமாக வெட்டி, நடு வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். பத்து நாள் நிழல். வேர்விடும் வரை தலை தாங்காது என்று தோன்றினால், வேரில்லாத தண்டிலேயே ஒட்டிப் பார்க்கலாம், பாதிதான் பிழைக்கும். தண்டு ஓரத்தில் பச்சைத் தளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள், அது தலைக்குப் போகும் சத்தைத் தின்றுவிடும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இது சில வருடச் செடிதான். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

எப்போது ஆளைக் கேட்க வேண்டும்

ஒற்றைத் தொட்டிக்கு யாரையும் தேடிப் போக வேண்டாம். செடி விலையைவிடப் பஸ் செலவு கூட. ஆனால் மூன்று இடங்களில் போக வேண்டும். மண் காய்ந்திருந்தும் பல தொட்டிகள் ஒரே வாரத்தில் அழுகினால்; வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால், அது நூற்புழுவாக இருக்கலாம்; மாடி மாவுப்பூச்சி கீழே கொய்யா, செம்பருத்தி, காய்கறிக்கு இறங்கினால். தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையமும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. முழுச் செடியை வேரோடும் மண்ணோடும் பையில் கட்டி எடுத்துப் போங்கள். செல்போன் படத்தை மட்டும் காட்டினால் அவர்களும் ஊகம்தான் சொல்ல முடியும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் போர் தண்ணீரையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது.

டாக்டரிடம் போக வேண்டிய இடங்களும் உண்டு. முள் கண்ணில் பட்டால் தேய்க்காமல், எடுக்க முயலாமல், நேராக ஆஸ்பத்திரி. கிறிஸ்து முள் மாதிரி யூபோர்பியாவின் பால் கண்ணில் தெறித்தால் ஓடும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வலி குறைந்திருந்தாலும் ஆஸ்பத்திரி. மாமிலேரியாவிலும் சில ஜாதிகளில் வெட்டினால் பால் வரும்; அது அந்த அளவுக்கு மோசமில்லை, கையைக் கழுவினால் போதும். முயல்காது வடிவக் கள்ளியின் பொடிமுள் விரலில் ஏறிவிட்டால் செல்லோ டேப்பை ஒட்டி உரியுங்கள். போகாவிட்டால் வெள்ளைப் பசையைத் தடவி, காய்ந்த பிறகு ஓரத்திலிருந்து உரித்தால் முள்ளும் கூடவே வந்துவிடும். பல்லால் கடித்து இழுக்காதீர்கள், விரலில் இருந்தது உதட்டுக்குப் போகும்.